ஞாயிறுதோறும் வருவார்

கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த திரவியம் தன் ஐம்பத்தாறாவது வயதில் இங்கிலீஷ் படிக்கப் போனார். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்திய சேவைச் சங்கம் ஒன்று அவரைத் தலைவராக்கியிருந்தது. பதவியேற்கும் அன்று பத்து நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். யாரோ எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்து வாசிக்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

எஸ்தர் டீச்சர் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் வகுப்பு நடத்தினார். திரவியத்தின் மூத்த மகளைவிட நாலைந்து வயதுதான் கூடுதல். அதிகம் பேசமாட்டார். தினமும் ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்வார். சரியாக இருந்தால் டிக், தப்பாக இருந்தால் சிவப்பு வட்டம். என்ன தப்பு என்பதை எழுதியவரேதான் கண்டுபிடிக்க வேண்டும். கடையில் நாற்பது பேரை ஆட்டிவைக்கிற திரவியம், அந்த வட்டத்தைப் பார்த்தால் மட்டும் வேர்த்துப்போவார்.

ஒருநாள் நெருங்கிய நண்பர் ஒருவரைப் பற்றி எழுதிவரச் சொன்னார் டீச்சர். திரவியம் யோசிக்கவே இல்லை. கடம்பூர் கோமதிநாயகத்தைப் பற்றி எழுதினார். ஒரே பெஞ்சில் படித்தவர். கடை திறந்த முதல் தீபாவளிக்குச் சம்பளம் இல்லாமல் பத்து நாள் நின்று சேலை மடித்துக் கொடுத்தவர். ஐந்தாவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘ஹி யூஸ்ட் டு கம் டு மை ஹவுஸ் எவ்ரி சண்டே.’

டீச்சரின் பேனா அந்த இடத்தில் நின்றது.

“இப்ப அவர் வர்றதில்லையா அண்ணாச்சி?”

“வருவாரே.”

“அப்ப யூஸ்ட் டு ஏன் போட்டீங்க?”

வழக்கம் என்பதற்கு அதுதானே வார்த்தை என்றார் திரவியம். அப்படித்தான் பள்ளிக்கூடத்தில் படித்ததாகவும் சொன்னார்.

“வழக்கம்தான். ஆனா முடிஞ்சுபோன வழக்கம்” என்றார் டீச்சர். “தமிழ்ல நாம வருவார்னு சொல்லிட்டுப் போயிடலாம். அப்ப வந்ததுக்கும் அதுதான், இப்ப வர்றதுக்கும் அதுதான். இங்கிலீஷ் அப்படி விடாது. இன்னும் வர்றாரா, நின்னுபோச்சான்னு கேக்கும்.”

திரவியம் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு, ‘ஹி கம்ஸ்’ என்று திருத்தி எழுதி நீட்டினார். டீச்சர் டிக்கும் போடவில்லை, வட்டமும் போடவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

“தப்பா டீச்சர்?”

“இலக்கணம் சரி. நிஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அந்தப் பேச்சு திரவியத்துக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, கோமதி கடைசியாக எப்போது வந்தான் என்று மனைவி கனியம்மாளிடம் கேட்டார். இரண்டு மூன்று வாரம் இருக்கும் என்று அவளிடமிருந்து பதில் வரும் என நினைத்தார்.

கனியம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். மூத்தவள் கல்யாணத்துக்கு முந்தின ஆவணியில் வந்தது என்றாள். கல்யாணம் முடிந்தே மூன்று வருடம் ஆகியிருந்தது. பத்திரிகையைத் தபாலில் அனுப்பினோம், கோமதி அண்ணன் வரவில்லை என்று அவள் சொன்ன பிறகுதான், மண்டபத்தில் அத்தனை பேருக்கு நடுவில் தான் அவனைத் தேடவே இல்லை என்பது திரவியத்துக்கு உறைத்தது.

“ஏன் வரலை?”

அவள் சொல்லத் தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். அந்த ஆவணி ஞாயிற்றுக்கிழமை சங்கத்து ஆட்கள் முதன்முதலாக வீட்டுக்கு வருவதாக இருந்தது. ரயிலிறங்கித் துணிப்பையோடு வந்து சோபாவில் சம்மணம் போட்டு உட்காரும் கோமதிநாயகம் அந்த நேரத்தில் வேண்டாம் என்று நினைத்தார் திரவியம். வந்தால் தான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னார். அவள் வாசலில் நின்று அப்படியே சொன்னாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்த திரவியம் வெடித்துச் சிரித்தார்.

“கேட்டுட்டானா?”

“தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அண்ணன் பையில இருந்த முருங்கைக்காயை எடுத்து வச்சுட்டு, அவன் வந்ததும் சமைச்சுக் கொடுங்க மதினின்னாரு. அன்னைக்கு மத்தியானம் சாம்பார்ல போட்டேன். ருசியா இருக்குன்னு நீங்க ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்பிட்டீங்க.”

திரவியம் இலையை மூடினார்.

மறு ஞாயிறு அவர் கடம்பூருக்குப் போனார். காரை எடுக்க மனம் வரவில்லை, பஸ்ஸில் போனார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். நான் செஞ்சது தப்புடே, மன்னிச்சுக்கோ. அவ்வளவுதான். அதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியுமா என்று பயமாக இருந்தது.

வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் கோமதிநாயகம். ஆள் பாதியாகிப்போயிருந்தார். இடது கால் ஒரு ஸ்டூல்மேல் எடுத்து வைத்த மாதிரி கிடந்தது. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது என்று அவர் மனைவி சொன்னார். சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே போனார்.

“வாடே திரவியம். இந்த வெயில்ல பஸ்ஸுலயா வந்தே?” என்றார் கோமதிநாயகம். அவர் முகத்தில் கோபத்தின் சுவடே இல்லை. அவரேதான் முதலில் தொடங்கினார். “பாப்பா கல்யாணத்துக்கு வரமுடியாமப் போச்சுடே. மனசுல வச்சுக்கிடாத.”

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டார் திரவியம்.

“அதுக்கப்புறம் ஏன்டே வீட்டுப் பக்கமே வரலை?”

“காலு இப்படி ஆயிட்டுல்லா.”

“கால் போயி ரெண்டு வருசம்தானே. அதுக்கு முந்தி?”

கோமதிநாயகம் தெருவில் போன ஒரு சைக்கிளைப் பார்த்தார். அது திரும்பி மறையும் வரை பார்த்தார்.

“ரயில் டைமை மாத்திட்டான்டே. எனக்குத் தோதுப்படலை.”

ரயில் நேரத்தை யாரும் மாற்றவில்லை. திரவியத்தின் கடையில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அந்த ஊரிலிருந்து அதே ரயிலில்தான் இன்றைக்கும் வருகிறார்கள். மன்னிப்புக் கேட்டால் நண்பன் தனக்காகச் சொன்ன பொய்யை அவன் முகத்துக்கு நேரே உடைக்க வேண்டும். திரவியத்தால் முடியவில்லை.

“ஆமாடே. மாத்திட்டான்” என்றார்.

காப்பி வந்தது. இருவரும் குடித்தார்கள். பருத்தி விலையைப் பற்றியும், உடன் படித்த ஒருவன் இறந்துபோனதைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது கோமதிநாயகம் எழுந்திருக்கப் பார்த்தார். முடியாமல் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் எல்லோரும் போன பிறகு, திரவியம் நோட்டை நீட்டினார். ‘ஹி கம்ஸ்’ என்று திருத்தியதை அடித்துவிட்டு, முதலில் எழுதிய வாக்கியத்தையே மறுபடி எழுதியிருந்தார்.

“இதுதான் சரி டீச்சர்.”

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தார். திரவியம் எதையும் மறைக்காமல் சொன்னார். வாசல், சிரிப்பு, முருங்கைக்காய், கால், ரயில். டீச்சர் கடைசிவரை கேட்டார். முடிந்ததும் அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

வாழ்க்கையில் எந்த டிக்கையும் திரவியம் இந்த அளவுக்கு வெறுத்ததில்லை.

“இதை எப்படியாவது திருத்த முடியாதா டீச்சர்? ஏதாவது இலக்கணம் இருக்கா?”

“முடியாது அண்ணாச்சி. இது அப்படியேதான் இருக்கும்.”

டீச்சர் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

“கீழே இன்னொண்ணு எழுதலாம். அதுல எழுவாய் நீங்களா இருக்கணும்.”