அரசர் தின்றுவிட்ட கிழங்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காட்டு நாட்டை மாணிக்க பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. அதிரசமும் லட்டுமாகத் தின்று தின்று பல்லெல்லாம் சொத்தை. வைத்தியர் இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டு, "வெல்லம், கற்கண்டு, தேன் மூன்றையும் இனிமேல் தொட்டால் மிச்சப் பல்லும் போய்விடும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து ராஜா பட்ட பாடு இருக்கிறதே, ஐயோ பாவம். எல்லைச் சண்டையைப் பற்றி மந்திரி பேசிக்கொண்டிருப்பார், இவர் கண்ணை மூடிக்கொண்டு நெய்யில் பொரியும் அதிரசத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்பார். தெருவிலிருந்து பாகு வாசனை வந்தால் கண்ணில் தண்ணீர் முட்டும். கடைசியில் ஒருநாள் கோபத்தில் ஒரு சட்டம் போட்டார். "நான் தின்னாத இனிப்பை நாட்டில் எவரும் தின்னக்கூடாது. தின்றவர் ஆற்றுக்கு அக்கரை போய்விட வேண்டும், திரும்பி வரக்கூடாது." இப்படியும் ஒரு சட்டமா என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜா போட்டால் சட்டம்தான்.

அதற்குக் காவலாகத் தானே முன்வந்தவர் சபையில் இருந்த வில்வாதிபர். அவருக்கு அரண்மனைத் தோட்டக்காரி காத்தாயியைக் கண்டாலே ஆகாது. அவள் விளைவித்த கத்தரிக்காயை ராஜா ஒருமுறை சபையில் மெச்சிவிட்டார், அந்த எரிச்சல்.

காத்தாயிக்கு அப்போது ஏழு மாதம். வாய் இனிப்புக் கேட்டது. தூக்கத்தில்கூட "ஒரு துண்டு வெல்லம்" என்று முனகினாள். வெல்லத்துக்கு எங்கே போக? கொல்லையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தோண்டி அடுப்புத் தணலில் புதைத்தாள். தோல் வெடித்துப் பாகு கசிந்தது. சட்டியில் எடுத்துவைத்து ஊதி ஆற்றிக்கொண்டிருந்தபோது வில்வாதிபர் உள்ளே நுழைந்துவிட்டார். அவளையும் சட்டியையும் நேரே சபைக்கே கொண்டுபோனார்.

"மகாராஜா, இவள் வீட்டில் பாகு வாசனை. இன்றைக்கே அக்கரைக்கு அனுப்புங்கள்."

காத்தாயிக்குப் பயம்தான். வயிற்றுப் பிள்ளையோடு தெரியாத ஊரில் எங்கே போய் நிற்பாள்? ஆனால் குரல் நடுங்கவில்லை.

"இது மண்ணில் விளைந்த கிழங்கு மகாராஜா. பொட்டு வெல்லம்கூடச் சேர்க்கவில்லை."

"பொய். இனிக்கிறது" என்றார் வில்வாதிபர்.

"தின்று பார்த்தீர்களா சாமி?"

"நானா? சேச்சே."

"அப்புறம் எப்படித் தெரியும்? சபைக்கு முன்னால் ஒரு வாய் தின்றுவிட்டுச் சொல்லுங்கள். இனிக்கவில்லை என்றால் நான் வீட்டுக்குப் போகிறேன். இனிக்கிறது என்றால் நாம் இரண்டு பேருமே அக்கரைக்குப் போவோம். எனக்கும் துணையாச்சு."

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. வில்வாதிபர் கிழங்கைப் பார்த்தார், காத்தாயியைப் பார்த்தார், சட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

ராஜாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாசனை சிம்மாசனம் வரைக்கும் வந்துவிட்டதே. "வழக்கென்றால் யாராவது ருசி பார்த்துத்தானே ஆகவேண்டும்" என்று அவரே இறங்கி வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார். மூன்று மாதமாக ஏங்கிக்கிடந்த நாக்கு. கண்ணீர் தாடியில் இறங்கியது. இன்னொரு துண்டு, அப்புறம் இன்னொன்று. சட்டி காலி.

"இனிக்கிறதா மகாராஜா?"

"இனிக்கிறது தாயே" என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் போட்ட சட்டப்படி இப்போது அக்கரை போகவேண்டியவர் அவர்தான். சபையே அவரைப் பார்த்தது.

வைத்தியர் தொண்டையைக் கனைத்தார். "கிழங்கு, பரங்கிக்காய் எதையும் நான் தடுக்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

"சட்டம் இந்த நிமிஷமே ரத்து" என்றார் ராஜா. "காத்தாயி, உன் புத்திக்கு என்ன பரிசு வேண்டும்? பொன்னா, நிலமா?"

அவள் காலிச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு துடித்தது.

"நான் இன்னும் ஒரு வாய்கூடத் தின்னவில்லை மகாராஜா."

ராஜாவுக்கு அந்த முகம் தெரியும். மூன்று மாதமாகக் கண்ணாடியில் பார்த்துவந்த முகம். வெட்கத்தில் தலை குனிந்தார். பிறகு வில்வாதிபர் கையில் மண்வெட்டியைக் கொடுத்துக் காத்தாயியின் கொல்லைக்கு அனுப்பினார், தானும் பின்னாலேயே போனார். கிழங்கு தோண்டியதும் வில்வாதிபரே, தணலை ஊதியதும் அவரே. பட்டு அங்கவஸ்திரம் முழுக்கச் சாம்பல்.

கிழங்கு வெந்து வாசனை எழும்பியது. ராஜாவுக்கு எச்சில் ஊறியது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காத்தாயி வயிறு நிறையத் தின்று முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.