சொட்டு நின்ற பம்ப்

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு பகல்தான் பாக்கி. மறுநாள் விடிந்தால், அறுபத்தோரு நாள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த விசைப்படகெல்லாம் கடலுக்குள் போகும். அதில் ஒன்று மெல்கியோருடையது. மெல்கியோர் சில்வேராவின் மருமகன். வீட்டில் சில்வேராவின் மகள் இருபது நாள் பிள்ளையோடு இருந்தாள்.

அந்தப் படகின் என்ஜின் சோதனை ஓட்டத்திலேயே கொதித்துவிட்டது.

சில்வேரா இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினவர். வழியில் நின்ற லாரியைத் தானே பிரித்து மாட்டிக்கொண்டு வந்தவர். ஐம்பத்தெட்டு வயதில், முப்பத்திரண்டு வயது மேஸ்திரி பெலிசித்தாவிடம் படகு என்ஜின் வேலை படிக்கச் சேர்ந்தபோது துறைமுகமே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"லாரி நின்னா இறங்கி டீ குடிக்கலாம். படகு நின்னா எங்க இறங்குறது? அதான் படிக்க வந்தேன்" என்றார்.

அன்று காலை பெலிசித்தாவுக்கு வேறொரு படகில் வேலை. சில்வேரா தனியாகத்தான் மருமகனின் படகுக்கு வந்தார். கடல் தண்ணீரை உள்ளே இழுக்கும் பம்ப்பின் அடியில் மிளகு அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு மனசு லேசாகிவிட்டது. லாரியில் தண்ணீர் ஒழுகினால் என்ஜின் சூடேறும். ஒழுகலை அடைத்தால் சூடு இறங்கும். இதிலென்ன பெரிய சூட்சுமம்? பசையைப் பிசைந்து துளையில் வைத்து அமுக்கினார். காய்ந்தபின் அவரும் மெல்கியோரும் என்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"முடிஞ்சது மாப்பிள்ள. ரெண்டு மணி நேரம் ஓடட்டும்."

"மேஸ்திரி வந்து ஒரு தடவை பார்க்கட்டுமே மாமா."

"வரட்டும். வந்து என்னைப் பாராட்டிட்டுப் போகட்டும்."

பெலிசித்தா வந்தபோது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. சில்வேரா முள்ளைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில எங்கயாவது ஒழுகிச்சா அண்ணாச்சி?"

"ஒழுகலயே" என்றார் சில்வேரா. இப்போது ஒழுகவில்லை அல்லவா?

அவள் ஸ்பானர் பையைத் திறக்கவில்லை. எந்தப் படகுக்குப் போனாலும் முதலில் கையும் கண்ணும்தான், இரும்பு அப்புறம். சில்வேராவைப் படகின் பின்னால் போய்ப் புகைக்குழாயை எட்டிப் பார்க்கச் சொன்னாள். என்ஜினைக் குளிர்வித்த கடல் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியேறும்.

"தண்ணி வெளிய வருதா?"

"வருது."

"எப்படி வருது?"

"சின்னப் பிள்ள ஒன்னுக்குப் போற மாதிரி."

"என் மகன் இதைவிட நல்லாப் போவான் மேஸ்திரி" என்றான் மெல்கியோர்.

"வாளி வாளியாக் கொட்டணும்" என்றாள் அவள். "என்ஜினை நிறுத்துங்க. பம்ப் மூடியைக் கழட்டுங்க."

உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் சக்கரம் இருந்தது. ஆறு இதழ் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் மிச்சம். இரண்டு மாதம் சும்மா கிடந்த ரப்பர், ஓட ஆரம்பித்ததும் ஒடிந்திருக்கிறது.

"புதுச் சக்கரம் மாட்டிரலாம்" என்றார் சில்வேரா.

"ஒடிஞ்ச மூணு எங்க?"

பாதிப் பகல் அந்த மூன்று துண்டையும் தேடுவதிலேயே போயிற்று. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். இரண்டு துண்டு ஒரு வளைவில் கிடந்தன. மூன்றாவதை மெல்கியோர் கம்பியை விட்டு இழுத்து எடுத்து, நல்ல மீன் பிடித்தவன் மாதிரி தூக்கிக் காட்டினான்.

"தண்ணி போகாததுக்குக் காரணம் இதுதான்" என்றாள் பெலிசித்தா.

சில்வேராவுக்கு நிம்மதி. அப்படியென்றால் தான் செய்ததை யாரும் கேட்கப்போவதில்லை. அவள் துணியால் கையைத் துடைத்தாள். பிறகு ஆயில் பார்க்கும் கம்பியை உருவி அவரிடம் நீட்டினாள்.

கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் கலந்த டீயைப் போல இருந்தது.

"ஆயிலுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தது?"

மெல்கியோர் மாமனாரைப் பார்த்தான். "நான்தான் மேஸ்திரி, தெரியாம…" என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருல" என்றார் சில்வேரா. "நான்தான். அடியில ஒரு துளை சொட்டிச்சு. அடைச்சுட்டேன். கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்."

அவள் கோபப்படவில்லை. குனிந்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் அந்தப் பசையைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"பம்ப்புக்கு ஒரு பக்கம் கடல் தண்ணி. இன்னொரு பக்கம் என்ஜின் ஆயில். நடுவுல ரெண்டையும் பிரிக்கிற ரெண்டு ரப்பர் சீல். தண்ணிப் பக்கத்து சீல் தேஞ்சு போச்சு. தண்ணி நடுவுல வந்து நிக்குது. அது எங்க போகணும் அண்ணாச்சி?"

"வெளிய."

"அதுக்குன்னே வச்ச வாசல்தான் அந்தத் துளை. அதைப் பூட்டிட்டீங்க. தண்ணி அடுத்த சீலைத் தள்ளிக்கிட்டு வீட்டுக்குள்ள, ஆயிலுக்குள்ள போயிட்டு."

"இதோட நாளைக்குப் போயிருந்தா?" என்று கேட்டார் சில்வேரா.

"கரை தெரியாத தூரத்துல என்ஜின் இறுகி நின்னுருக்கும்."

சில்வேரா உட்கார்ந்துவிட்டார். மெல்கியோர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தான். "குடிங்க மாமா. இதையாவது சரியான வழியில விடுங்க" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். சில்வேராவின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

கெட்ட ஆயிலை வடித்தார்கள். புது ஆயில் ஊற்றி ஓட்டி, அதையும் வடித்தார்கள். மூன்றாம் முறைதான் கம்பி சுத்தமாக வந்தது. இரண்டு சீலும் புதிது, சக்கரமும் புதிது. சாயங்காலம் என்ஜினை ஓட்டியபோது புகைக்குழாயில் தண்ணீர் வாளி வாளியாகக் கொட்டியது. முள் நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றது.

மெல்கியோர் வலை ஏற்றப் போனான். சில்வேரா மட்டும் பம்ப்புக்கு முன்னால் குத்தவைத்து, அந்த மிளகுத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்து கிடந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"புது சீலும் ஒரு நாள் தேயும்லா?"

"தேயும்."

"நடுக்கடல்ல வச்சு இது திரும்பச் சொட்ட ஆரம்பிச்சா?"

"சொட்டட்டும்."

"என்ன மேஸ்திரி, இப்படிச் சொல்லுதீங்க? அவன் வீட்டுல பச்சப் பிள்ள இருக்கு."

பெலிசித்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொட்டுனாத்தானே அண்ணாச்சி மாப்பிள்ள பார்ப்பாரு. பார்த்தா, கரைக்குத் திரும்பிருவாரு."