நீலப் பட்டாம்பூச்சிக்கு இருந்த ஒரே வரி

ஒரு தீவுக் காட்டில் நீலப் பட்டாம்பூச்சிகள் வாழ்ந்தன. அவை வாழவே இல்லை என்று ஒரு நாரை சொல்லிவிட்டது. அழிந்துபோனவர்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் உண்டா? நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், குழந்தைகளே.

அந்தத் தீவில் ஒரு வழக்கம். பங்குனி மாதம் எல்லா உயிர்களும் கடற்கரையில் வரிசையாக நிற்க வேண்டும். நாரை எண்ணி ஓலையில் எழுதும். நின்ற இடத்தை விட்டு நகராத நாரை அது. வந்தவருக்குப் பெயர் உண்டு, வராதவருக்கு இல்லை.

பட்டாம்பூச்சிகள் எப்படி வரும்? பங்குனியில் அவை மலைச்சரிவில் உள்ள காட்டு எலுமிச்சைப் புதர்களில் கூட்டுப்புழுக்களாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முதல் மழைக்குப் பிறகுதான் சிறகு. அப்போது பார்க்க வேண்டுமே, மலைச்சரிவு முழுக்க நீலம் மிதக்கும். ஒருமுறை ஒரு பட்டாம்பூச்சி, வயதான ஆமை ஒன்றின் மூக்கில் வந்து உட்கார்ந்தது. அது பறந்து போகும்வரை ஆமை தும்மலை அடக்கிக்கொண்டிருந்ததாம்.

ஒரு கோடையில் பேராசைக்கார ஆடு ஒன்று நாரையிடம் வந்தது. சரிவில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டது.

"ஓலையில் யாரும் இல்லை," என்றது நாரை.

"அப்போ காலி இடம்தானே அண்ணே? நம்ம பசங்க மேயட்டும்."

மேய்ந்தார்கள். இலையும் மிஞ்சவில்லை, கூடும் மிஞ்சவில்லை. மழை வந்தது, நீலம் வரவில்லை. அடுத்த மழைக்கும் வரவில்லை.

சரிவில் இருந்த நீலப் பட்டாம்பூச்சிகள் அழிந்துபோயின என்று ஆமை கடற்கரைக்கு வந்து முறையிட்டது. பெரியவர் கனவு கண்டிருப்பார் என்று ஆடு சிரித்தது. நாரை பழைய ஓலைகளைப் புரட்டியது. அதன் பாட்டனார் எழுதிய ஒரே ஒரு வரி கிடைத்தது: 'சரிவில் இன்று காலை நீலச் சிறகுகள் கண்டேன்.'

"பெயர் இல்லை, எண்ணிக்கை இல்லை. இருந்திருந்தால் ஒரு பங்குனிக்காவது வந்து நின்றிருக்காதா? தாத்தா ஏதோ தவறாக எழுதிவிட்டார்," என்ற நாரை, அந்த வரியைச் சுரண்டிவிட அலகை நீட்டியது.

ஆமை மெதுவாக நகர்ந்து வந்து ஓலையின் மேல் காலை வைத்தது.

"நாரையாரே, பங்குனியில் உம் வரிசைக்கு மழையும்தான் வந்து நின்றதில்லை. இந்தத் தீவில் மழையே பெய்ததில்லை என்று முதலில் எழுதும். பிறகு இந்த வரியை அழிக்கலாம்."

நீதி: நாம் போய்ப் பார்க்காத காரணத்தால், வாழ்ந்தவர்களை வாழவில்லை என்று சொல்லக் கூடாது.