தாண்டிக்குடிக்கு ஏறாத வண்டி

தாண்டிக்குடி மலையிலிருந்து சௌசௌ மூட்டைகளை இறக்கி விற்பவள் பவுனுத்தாய். வாடகை வண்டிக்குக் காத்திருந்தே காய் பாதி வதங்கிவிடும். அதனால் சொந்தமாக ஒரு சின்ன பிக்கப் வாங்க வத்தலக்குண்டு ஷோரூமுக்கு வந்தாள்.

மேலாளர் ஞானதுரை அவளைச் சின்ன வண்டிப் பக்கமே விடவில்லை. "அது டவுனுக்குள்ள ஓட்டுறதும்மா. மலையில பாதியில நின்னுரும். உங்களுக்குப் பெருசுதான். இல்ல, சின்னது ஏறும்னு இங்க நின்னுக்கிட்டே நிரூபிங்க, பார்ப்போம்!" என்று சிரித்தார்.

பவுனுத்தாய்க்குச் சந்தேகம் தட்டியது. பெரிய வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"சரிங்க சார், பெருசையே எடுக்கிறேன். மழையில அது எங்க ஊர்ல நின்னுபோனா?"

"கவலையே வேணாம். போன் போட்டா எங்க மெக்கானிக் சாமானோட வந்துருவார். நேத்துகூட உங்க ஊருக்குத்தான் போனார்."

"பஸ்லயா?"

"பஸ்ஸா? எங்க சர்வீஸ் வண்டியில!" என்று பெருமையாக வாசலைக் காட்டியவர், சட்டென்று கையை இறக்கிக்கொண்டார்.

வாசலில் நின்றது அவள் கேட்ட அதே ரகச் சின்ன பிக்கப். சக்கரமெல்லாம் மலைச் செம்மண்.

"நின்னுபோன பெருசைக் காப்பாத்த ஏறுற வண்டி, என் சௌசௌவுக்கு ஏறாதா சார்?"

ஞானதுரை சின்ன வண்டியின் சாவியை எடுத்துவரச் சொன்னார்.