நூற்றுக்கு முப்பது

துறைமுக ஊர் ஒன்றின் வானிலை அலுவலகத்தில் மெஹருன்னிசா தலைமைக் கணிப்பாளராக இருந்தார். தேவசகாயம் அவரிடம் தொழில் கற்றவர்.

போன மாதம் தேவசகாயம் புயல் எச்சரிக்கை கொடுத்தார். கடலோரக் குப்பத்தினர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினார்கள். புயல் திசைமாறிப் போய்விட்டது. அதன்பிறகு மீன் சந்தையில் அவரைக் கண்டாலே, "என்ன புயல்காரரே, இன்னிக்கு எந்தப் பக்கம் திருப்பி விட்டீங்க?" என்று சிரித்தார்கள்.

இப்போது கடலில் இன்னொரு தாழ்வு மண்டலம்.

"மேடம், நம்ம கரைக்கு வர நூத்துக்கு முப்பதுதான் வாய்ப்பு. பேசாம 'வாய்ப்பில்லை'ன்னு போட்டுடலாமா?"

"வாய்ப்பு இல்லாமலா முப்பது வந்துச்சு?"

"மறுபடியும் வரலைன்னா, அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."

மெஹருன்னிசா குடையை எடுத்தார். "வாங்க, நேர்லயே போய்ச் சொல்லிட்டு வருவோம்."

குப்பத்தில் அந்தோணியம்மாள் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். போன தடவை தேவசகாயத்தை அதிகம் திட்டியவள் அவள்தான்.

"மறுபடியுமா?" என்றாள்.

"நூத்துக்கு முப்பதும்மா. வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்" என்றார் மெஹருன்னிசா.

"அப்போ வராதுன்னு அடிச்சுச் சொல்லுங்க."

"அது என்னால முடியாது."

அந்தோணியம்மாள் குடிசைக்குள் கை காட்டினாள். கட்டிலில் அவள் புருஷன் படுத்திருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

"போன தடவை கடைசி நேரத்துல சொன்னீங்க. இவரைத் தூக்கிட்டு ஓடினேன். கருவாடு பூராவும் அழுகிப் போச்சு. நான் எதைன்னு பார்ப்பேன்?"

தேவசகாயத்துக்கு இது தெரியாது. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கருவாட்டை மூட்டை கட்ட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பிடித்து, மூட்டைகளையும் கட்டிலோடு மனிதரையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். திரும்பி வந்து, அறிக்கையில் முப்பது என்றே எழுதினார்.

தாழ்வு மண்டலம் நடுக்கடலிலேயே வலுவிழந்தது. கரையில் ஒரு தூறல்கூட இல்லை.

மறுநாள் தேவசகாயம் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தோணியம்மா திட்டினாங்களா?"

"இல்ல மேடம். 'அடுத்த தடவையும் இப்படி முன்னாடியே சொல்லு தம்பி'ன்னாங்க."

"அப்புறம் ஏன் முகம் வாடியிருக்கு?"

"நான் சொன்னது இந்தத் தடவையும் நடக்கலையே."

மெஹருன்னிசா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நடந்திருக்கணுமா, தேவசகாயம்?"