வாத்துக்குச் சொல்லிக்கொடுத்த மெட்டு

பறவைகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஸ்காட்லாந்தின் வடகடலில் ஒரு சின்னத் தீவு இருந்தது. கல், புல், காற்று, இவை தவிர அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்தத் தீவில் டூகல் என்று ஒரு குழல்காரன் இருந்தான். அவன் வாசித்தது தோல்பைக் குழல். பேக்பைப் என்று இப்போது சொல்கிறோமே, அதுதான். ஆட்டுத்தோல் பையில் மூச்சை ஊதி நிரப்பிக் கக்கத்தில் இடுக்கி அழுத்தினால், வாசிப்பவன் மூச்சு வாங்கும்போதும் நாதம் அறாது.

டூகலின் குலத்துக்கென்று ஒரு மெட்டு இருந்தது. கடலில் மூடுபனி இறங்கினால் அவன் கரைப் பாறைமேல் நின்று அதை வாசிப்பான். படகில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே வழி தப்பாமல் வந்து சேர்வார்கள். ஊரின் உயிரைக் காக்கிற மெட்டு அது. ஆனால் குலத்துக்கு வெளியே யாருக்கும் சொல்லித்தரக் கூடாது என்பது முன்னோர் கட்டளை. குலத்திலோ மிச்சமிருந்தது டூகல் ஒருவன்தான். அவன் அந்தக் கட்டளையை வேண்டியதற்கு மேலேயே காப்பாற்றினான். பழகும்போது கதவைச் சாத்தி, ஜன்னல் இடுக்கிலெல்லாம் கம்பளியைத் திணித்துவிடுவான். பாவம், அந்தச் சத்தத்தோடு வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவள் அவன் மனைவி மோரக்.

"பூதம் புதையலைக் காக்கிற மாதிரி காக்கறீங்களே, போகும்போது கட்டிக்கிட்டா போகப்போறீங்க?" என்று அவள் கேட்பாள். அவன் காதில் வாங்கமாட்டான்.

ஒவ்வொரு வருஷமும் குளிர் தொடங்கும்போது வடக்கிலிருந்து காட்டு வாத்துகள் அங்கே வந்து இறங்கும். அப்போதெல்லாம் அவை சத்தமே போடாமல் பறக்கும். அவற்றின் தலைவி சாம்பலி ஒருநாள் டூகலிடம் வந்து, பனிக்குள் பறக்கும்போது கூட்டம் சிதறிவிடுகிறது, போன வருஷம் என் குஞ்சுகளைத் தொலைத்துவிட்டேன், அந்த மெட்டை எனக்குச் சொல்லித்தா என்று கெஞ்சியது. டூகல் பதிலுக்குக் கல்லை எடுத்து எறிந்தான். அதோடு விட்டானா? வாத்து கேட்டது இன்று, நாளை யார் வந்து கேட்பார்களோ என்று பயந்து, குழலைக் கொண்டுபோய் வாற்கோதுமைப் பெட்டிக்குள் புதைத்து வைத்தான்.

காற்று கசியாமலிருக்கப் பையின் உட்புறத்தில் தேனும் கொழுப்பும் தடவுவது குழல்காரர்கள் வழக்கம். தேன் தடவிய தோலைத் தானியத்துக்குள் வைத்தால் எலிகளுக்கு விருந்து வைத்த மாதிரிதான். அவ்வளவு ரகசியம் காத்தவனுக்கு இது தோன்றவில்லை.

சில நாள் கழித்து, கோடையெல்லாம் எதிர்த்தீவில் மேய்ந்த ஆடுகளை ஓட்டிவர ஊரே படகேறிப் போனது. மோரக்கும் போனாள். மத்தியானம் அவர்கள் திரும்புகிற நேரத்தில் பனி இறங்கிக் கடலை மூடியது. டூகல் பெட்டியைத் திறந்து குழலை எடுத்து ஊதினான். புஸ்ஸென்று காற்று வெளியே போனது. தோலில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. துணியை வைத்துக் கட்டிப் பார்த்தான், நிற்கவில்லை. பாறைக்கு ஓடி, தொண்டை கிழியக் கத்தினான். அவன் குரல் முதல் அலையைக்கூடத் தாண்டவில்லை. மெட்டு தெரிந்த இன்னொருவன் இருந்திருந்தால், இன்னொரு குழல் இருந்திருக்கும். அது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

புல்வெளியில் வாத்துகள் அவனைப் பார்த்தபடி நின்றிருந்தன. அவன் சாம்பலியின் முன்னால் போய் மண்டியிட்டான்.

"நான் கல்லெறிஞ்சவன்தான். ஆனா என் மோரக் அந்தப் படகுல இருக்கா."

"கல்லு என்மேல படல," என்றது சாம்பலி. "மெட்டைச் சொல்லு."

சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. அந்த மெட்டு அவன் விரலுக்குத்தான் தெரியும், வாய்க்குத் தெரியாது. காற்றில் விரல்களை அசைத்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சத்தம் கண்டுபிடித்து, "ஹீ ஓ தின், ஹோ தோ, ஹா ரா" என்று பாடினான். கூட்டம் முழுவதும் திருப்பிச் சொன்னது. பிறகு வாத்துகள் வரிசை கட்டிக் கடல்மேல் எழுந்தன. ஒன்று மூச்சு வாங்கும்போது அடுத்தது பாடியது. பையே இல்லாமல் நாதம் அறாமல் ஒலித்தது. டூகல் பாறையிலேயே நின்றான்.

முதலில் கேட்டது ஆடுகளின் சத்தம். பிறகு படகுகள் தெரிந்தன, அவற்றில் ஒன்றில் மோரக். அவற்றின் பின்னாலேயே, அதே பனியில் வழி தவறித் திண்டாடிய ஒரு தூரதேசத்துக் கப்பலும் கரைக்கு வந்தது. அதிலிருந்து இறங்கிய மேளக்காரன் ஒருவன் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து, இதை எங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். கட்டளை தெரிந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் டூகலின் முகத்தைப் பார்த்தார்கள்.

"கொண்டுபோங்க," என்றான் டூகல். "உங்க ஊர்லயும் பனி இறங்குமில்ல."

மோரக் நேரே வீட்டுக்குப் போய், ஜன்னலில் திணித்திருந்த கம்பளியைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

வருஷங்கள் போயின. ஒருநாள் எங்கிருந்தோ வந்த கப்பலின் தளத்தில் சிலர் மேளம் கொட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளம் வேறு, பேச்சு வேறு. டூகலுக்குப் பிடிபடவில்லை. மோரக்கின் கால்தான் முதலில் தட்டத் தொடங்கியது. "நம்ம மெட்டுங்க," என்று அவள் சொன்னதும் டூகல் அழுதுகொண்டே ஆடினான்.

பேக்பைப் பழகுகிறவர்கள் மெட்டை முதலில் வாயால் பாடுவதும், காட்டு வாத்துகள் பறக்கும்போது ஒன்று மாற்றி ஒன்று குரல் கொடுப்பதும் அன்று முதல்தான். நாம் கண்ணால் பார்த்திராத அந்தத் தீவின் இசையை எந்த ஊர்த் தெருவில் கேட்டாலும், வீடு போய்ச் சேரும் நினைப்பு வந்து நாம் தானாகக் காலை எட்டிப் போடுவதும் அன்று முதல்தான்.