அகான்பி அறிவித்த மூன்று செய்திகள்

பெரியவர்களும் கேட்கலாம், பிள்ளைகளும் கேட்கலாம். ஊருக்கு ஒரு தலைவர் என்று இருந்த காலத்துக் கதை இது. எத்தனை தலைமுறைக்கு முன்னால் என்று கேட்காதீர்கள். கப்பல் வேலைக்குப் போய் வந்த ஒருவர் எனக்குச் சொன்னார். அவருக்கு அந்தக் கரையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு பேராறு ஓடுகிறது. அந்த ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இலோதோ என்று ஓர் ஊர் இருந்தது. மேட்டில் ஒரு தெரு, பள்ளத்தில் ஒரு தெரு, நடுவே சந்தை. மண்ணைத் தோண்டினால் ஆள் தொடை பருமனுக்கு வள்ளிக்கிழங்கு கிடைத்தது. வலையை வீசினால் மீன் கிடைத்தது. காட்டில் தேக்கைப் போல உறுதியான மரம் கிடைத்தது. அந்த ஊருக்கு எல்லாம் வாய்த்திருந்தது. நல்ல தலைவர் மட்டும் வாய்க்கவில்லை.

ஊருக்குச் செய்தி சொல்பவன் பெயர் அகான்பி. இரும்பு மணியைக் குச்சியால் தட்டிக்கொண்டு மேட்டுத் தெருவில் தொடங்கிப் பள்ளத் தெருவில் முடிப்பான். அவன் அப்பாவும் அதே வேலையைத்தான் செய்தார். வெட்டுக்கிளி வருகிறது என்று அகான்பி சொன்னால் மக்கள் அன்றே கதிரை அறுத்தார்கள். சிறுத்தை இறங்கியிருக்கிறது என்று சொன்னால் ஆடுகளை உள்ளே கட்டினார்கள். யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததில்லை. அகான்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள்.

ஆற்றங்கரை அங்கே தாழ்வாக இருந்தது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளம் பள்ளத் தெருவுக்குள் வந்துவிடும். படகுத்துறைப் பாறையிலிருந்து இலவமரம் வரைக்கும் கரையை உயர்த்திவிட்டால் போதும். எல்லோருக்கும் அது தெரியும். எந்தத் தலைவரும் அதைச் செய்யவில்லை.

லானியான் என்பவர் தலைவரானபோது அகான்பியைக் கூப்பிட்டார். கரையைக் கல்லால் கட்டப் போவதாகவும், வீட்டுக்குப் பத்துத் தலைச்சுமை கல்லை மலையிலிருந்து கொண்டுவந்து போடவேண்டும் என்றும் சொல்லச் சொன்னார். அகான்பிக்குச் சந்தோஷம். அன்று அவன் மணி கணீரென்று ஒலித்தது என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

மக்கள் கல் சுமந்தார்கள். கர்ப்பிணிகளும் சுமந்தார்கள், கிழவர்களும் சுமந்தார்கள். மழை நிற்கும் வரை காத்திருப்போம் என்றார் லானியான். மழை நின்றது. அறுவடை முடியட்டும் என்றார். அறுவடை முடிந்தது. அதற்குள் குவித்திருந்த கல் முழுவதும் மாட்டு முதுகில் ஏறி, அரைநாள் தொலைவில் அவருடைய மாமனார் ஊருக்குப் போய்விட்டது. அங்கே குன்றின்மேல் அவருக்கு ஒரு மாளிகை எழும்பியது.

ஊர் கொதித்தது. லானியானை விரட்டினார்கள். அவர் நேராகப் போய் அந்த மாளிகையில் குடியேறிச் சுகமாக இருந்தார்.

அகான்பியை யாரும் குறை சொல்லவில்லை. அவனும் நம்மைப் போல ஏமாந்தவன்தானே என்றார்கள். அது உண்மை.

அடுத்து ஒயேதுன் தலைவரானார். லானியானைத் திருடன் என்று சந்தையில் நின்று எல்லோரையும்விட உரக்கத் திட்டியவர் அவர்தான். அதனால்தான் மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். கல் வேண்டாம், மரத்தால் கரை கட்டலாம் என்றார். வீட்டுக்கு ஒரு மரம் வெட்டி இழுத்துவர வேண்டும். அகான்பி மணி தட்டிச் சொன்னான். மக்கள் முணுமுணுத்துக்கொண்டே மரம் வெட்டினார்கள்.

பள்ளத் தெருவில் இதோவு என்று ஒருவன் இருந்தான். துணிக்கு அவுரிச் சாயம் தோய்ப்பது அவன் தொழில். எப்போதும் முழங்கை வரை நீலமாகவே இருப்பான். அகான்பியும் அவனும் சிறு வயதிலிருந்து நண்பர்கள். இதோவும் அவன் தம்பியும் ஒரு பெரிய மரத்தைச் சரிவில் இழுத்துவந்தபோது மரம் உருண்டு தம்பியின் காலை நசுக்கியது. உயிர் பிழைத்தான். அதன் பிறகு கோல் ஊன்றித்தான் நடந்தான்.

ஒருநாள் காலை ஆற்றில் முகம் கழுவப் போன அகான்பி ஒன்றைப் பார்த்தான். மரங்களையெல்லாம் தெப்பமாகக் கட்டி, வெளியூர் வியாபாரிகள் ஆற்றோடு கொண்டு போனார்கள். ஒயேதுனின் ஆட்கள் கரையில் நின்று கையசைத்தார்கள்.

அகான்பி ஒயேதுனிடம் போய்க் கேட்டான். ஒயேதுன் கோபப்படவில்லை. அவனை உட்காரவைத்துக் கள் ஊற்றிக் கொடுத்தார். மரம் தண்ணீரில் ஊறினால்தான் உறுதிப்படும், அதற்காகக் கீழே இருக்கும் மடுவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று ஊருக்குச் சொல் என்றார். பிறகு, உன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதாமே, ஆள் அனுப்புகிறேன் என்றார்.

அகான்பி வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி அபேகே, ஒழுகும் இடத்தில் சட்டியை வைத்துவிட்டு, குழந்தையை இன்னொரு மூலைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். மறுநாள் மணியை எடுத்துக்கொண்டு போய், மரம் மடுவில் ஊறுகிறது என்று மேட்டுத் தெருவில் சொன்னான். சந்தையில் சொன்னான். பள்ளத் தெருவிலும் சொன்னான். அந்த வாரம் இதோவின் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதும் அதையேதான் சொன்னான்.

ஏன் சொன்னான் என்று அவனைக் கேட்டால், நான் சொல்லாவிட்டால் வேறொருவனை வைத்துச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் சொல்லியிருப்பான். தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

மரம் திரும்பி வரவில்லை. அகான்பியின் வீட்டில் புதுக் கூரை வந்தது. மக்கள் அதைப் பார்த்தார்கள்.

அதன்பின் அவன் மணி அடித்தால் யாரும் வாசலுக்கு வரவில்லை. சந்தையில் ஊர் நடப்பைப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். யார் வந்தாலும் இப்படித்தான், நம் தலையெழுத்து என்று சொல்லிவிட்டு விலை பேசப் போய்விடுவார்கள். வலுவுள்ள இளைஞர்கள் படகேறி வேறு தேசங்களுக்குப் போனார்கள். முதலில் ஒருவன், பிறகு பத்துப் பேர், பிறகு படகு நிறைய.

ஒயேதுன் காய்ச்சலில் இறந்தபோது ஊர்க் கிடங்கில் ஒரு மூட்டைத் தானியம்கூட மிச்சம் இல்லை. தலைவராக வரும்படி மூன்று பேரைக் கேட்டார்கள். சுரண்ட ஒன்றும் இல்லாத பதவி மூவருக்கும் வேண்டாம். கடைசியில் இபிதுன் என்ற பெண்ணைக் கேட்டார்கள். மீனைப் புகையில் வாட்டி விற்பவள் அவள். நாற்பது ஆண்டுகளாக ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டியவள். சரி என்றாள்.

அவள் மாளிகை கட்டவில்லை. கள் விருந்து வைக்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த ஆண்டு, மழைக்காலத்தில் ஆற்றில் வரும் செந்நிறத் தண்ணீர் ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிட்டது. வேரோடு பிடுங்கிய புதர்கள் மிதந்து வந்தன. இபிதுன் படகு எடுத்துக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து ஆறு நாள் மேல்நோக்கிப் போனாள். அங்கே இரண்டு ஊர்கள் தண்ணீருக்குள் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஆற்றோட்டத்தோடு வேகமாகத் திரும்பி வந்தாள்.

அகான்பியிடம் அவள் சொன்னது இதுதான். இன்னும் நான்கு நாளில் வெள்ளம் வந்துவிடும். கல்லுக்கும் மரத்துக்கும் நேரமில்லை. மண்ணையும் புல்லையும் குழைத்து இரண்டு முழம் உயர்த்தினால் போதும். ஊர் முழுவதும் மூன்று நாள் வந்தால் முடித்துவிடலாம்.

அவள் குரலிலிருந்தே அது உண்மை என்று அகான்பிக்குப் புரிந்தது. ஓடிப்போய் மணியை எடுத்தான்.

முதல் நாள் தொண்டை கிழியச் சொன்னான். கல் மாளிகைக்குப் போனது, மரம் வியாபாரிக்குப் போனது, இப்போது மண்ணும் கேட்கிறார்களா என்று ஊரார் சிரித்தார்கள். கரையில் அன்று வேலை செய்தது இபிதுன், அவளுடைய இரண்டு தங்கைகள், அகான்பி, அபேகே. ஐந்து பேர்.

இரண்டாம் நாள் மணியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். இதோவின் வாசலுக்கும் போனான். இதோவு சாயத் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே ஒரு கேள்வி கேட்டான்.

"அன்றைக்கு மரம் எங்கே போனது என்று உனக்குத் தெரியுமா, அகான்பி?"

அகான்பி கும்பிட்ட கையை இறக்கினான். பிறகு, "தெரியும்" என்றான்.

"என் தம்பி வலியில் கத்திக்கொண்டு கிடந்தான். நீ இங்கே உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டாய். மரம் ஊறுகிறது என்றாய்." இதோவு துணியை முறுக்கிப் பிழிந்தான். "இன்றைக்கு நீ சொல்வது நிஜமாகக்கூட இருக்கலாம். ஆனால் உன் வாயிலிருந்து வருகிறதே, நான் என்ன செய்ய?"

அன்று கரையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலை அகான்பி சந்தை நடுவே போய் நின்றான். தெப்பத்தைப் பார்த்ததைச் சொன்னான். ஒயேதுன் ஊற்றிய கள்ளைச் சொன்னான். கூரையைச் சொன்னான். நான் தெரிந்தே உங்களிடம் பொய் சொன்னேன் என்றான். பிறகு வீட்டுக்குப் போய், ஏணி வைத்து ஏறி, கூரைப் புல்லைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கினான். அபேகே கீழே நின்று அதை வாரிக் கட்டினாள். இருவரும் அதைச் சுமந்து போய்க் கரையில் மண்ணோடு குழைத்தார்கள்.

சிலர் காறித் துப்பினார்கள். சிலர் அழுதார்கள். நாற்பது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். இருட்டும் வரை யாரும் உட்காரவில்லை. படகுத்துறைப் பாறையிலிருந்து தொடங்கி, இலவமரத்துக்குப் பாதி தூரம் வரை கரை உயர்ந்தது. மீதிப் பாதி அப்படியே கிடந்தது. இன்னும் நாற்பது பேர் வந்திருந்தால் முடிந்திருக்கும். அல்லது அந்த நாற்பது பேரே முதல் நாள் வந்திருந்தால் முடிந்திருக்கும்.

நான்காம் நாள் காலை, சந்தை கூடும் நேரத்தில், ஆறு வந்தது. உயர்த்திய இடத்தில் முட்டி நின்றது. உயர்த்தாத இடத்தின் வழியே பள்ளத் தெருவுக்குள் புகுந்தது. ஓட முடிந்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். ஓட முடியாத பதினோரு பேரை வெள்ளம் கொண்டுபோனது. இதோவின் தம்பி அவர்களில் ஒருவன். இதோவு அவனைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஓடினான். தெருமுனையில் தண்ணீர் இருவரையும் பிரித்துவிட்டது.

வெள்ளம் வடிய ஒன்பது நாள் ஆயிற்று. மக்கள் இபிதுனின் வாசலில் கூடினார்கள். யாரையாவது திட்டவேண்டும் போல இருந்தது அவர்களுக்கு. நீதானே தலைவி, எங்களை அடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா என்று ஒரு கிழவி கேட்டாள். இபிதுனும் அவளோடு சேர்ந்து அழுதாள். நாளைக் காலை கரைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை ஊரே வந்தது. கரை இலவமரம் வரைக்கும் எழும்பியது. அடுத்த கோடையில் கல்லும் பதித்தார்கள். இறந்தவர்களின் வீட்டாரும் கல் சுமந்தார்கள்.

வேலை முடிந்த நாளில் இதோவு வந்து அகான்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ சொன்னாய்" என்றான் இதோவு. "நான்தான் வரவில்லை. என் தம்பியை நானே கொன்றேனோ என்று இருக்கிறது."

"இல்லை, இதோவு" என்றான் அகான்பி. "நீ வராமல் போனதற்குக் காரணம் நான் அன்றைக்கு உன் வீட்டில் உட்கார்ந்து சொன்ன சொல்."

இதோவு எழுந்து போனான். அதன் பிறகு வழியில் பார்த்தால் நின்று நலம் விசாரிப்பான். வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

அகான்பி அதன்பின் இருபது ஆண்டுகள் உயிரோடு இருந்தான். ஊருக்குச் செய்தி சொல்லும் வேலையை இபிதுன் அவனிடமிருந்து பறிக்கவில்லை. அந்த இருபது ஆண்டுகளில் அவன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அவன் செய்தி சொல்லி முடித்ததும், யாராவது ஒருவர் போய்த் தம் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். அவர் திரும்பி வந்து தலையை அசைத்த பிறகுதான் மற்றவர்கள் நம்புவார்கள். அகான்பி அதுவரை தெருமுனையில் காத்து நிற்பான். ஒருநாளும் அவர்களைக் கோபித்துக்கொண்டதில்லை.

கேட்டவர்களே, இதிலிருந்து நாம் அறிய வேண்டியது இதுதான்: ஆள்பவர் பொய் சொல்லும்போது அது பொய் என்று அறிந்தவர்கள் அதற்குத் துணைபோனால், பின்னால் நல்லவர் ஒருவர் வந்து உண்மையைச் சொல்லும் நாளில் அதை நம்ப ஊரில் ஆள் இருக்காது.